கிளினிக் கொப்பியும் கைத்தொலைபேசியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற சமுதாய மருத்துவரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



'டிஜிட்டல் தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் பொதுச் சுகாதார சேவையும்' என்று செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு நிகழ்ச்சி நிரலில் இரண்டு வரி பிடித்திருக்கிறது. அதைச் சுருக்கினால் கிளினிக் கொப்பியும் கைத்தொலைபேசியும் என்று வரும். நான் பேசப்போவது அவ்வளவுதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற ஒரு தாய்க்கு, ஒரு பாட்டிக்கு, இந்தக் கணினி மயமாக்கத்தால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

இந்த ஆண்டில் இன்னுமொரு நூற்றாண்டும் இருக்கிறது. 1926ஆம் ஆண்டில்தான் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் ரொக்கபெல்லர் மன்றத்தின் உதவியும் அதற்கு இருந்தது. நோய் வந்த பிறகு வைத்தியசாலைக்குப் போவது என்றிருந்த நாட்டில், சுகாதார உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார் என்ற ஏற்பாடு அங்கேதான் வேர்விட்டது. இன்று நாடு முழுவதும் 350க்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள். நமது அம்மாமார் 'மிட்வைஃப் மிஸ்' என்று சொன்னவர்தான் குடும்பநல உத்தியோகத்தர். அவருடைய பையில் எப்போதும் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். எந்த வீட்டில் யார் திருமணமாகி வந்தார், யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி தவறியது, எல்லாம் அதில் இருக்கும். நாம் இன்று 'டேட்டாபேஸ்' என்று சொல்வதை அவர் நீலப் பேனையால் எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே இலங்கையின் பொதுச் சுகாதாரத்தில் தகவல் என்பது கணினியோடு வந்ததல்ல. கணினி வரும்போது தகவல் ஏற்கெனவே அங்கே இருந்தது. அது நமது பெரிய அதிர்ஷ்டம். பல நாடுகளில் கணினி முதலில் வந்தது, எழுதுவதற்கு ஆளில்லை.

1934–35இல் மலேரியாவால் இந்நாட்டில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் நடந்த வேலையில் பெரும்பகுதி இரத்தத் துளியை எடுத்து, பெயரை எழுதி, முகவரியைக் கேட்டு, அந்த முகவரிக்கு மறுபடியும் போன வேலைதான்.

இப்போது டெங்குக்கு வருவோம். நம் இரண்டு ஊர்களிலும் டெங்கு வராத வீடு குறைவு. டெங்கு என்று சந்தேகம் வந்தால் வார்டில் 544 என்ற எண்ணுள்ள ஒரு படிவம் நிரப்பப்பட வேண்டும். அது சுகாதார வைத்திய அதிகாரியிடம் போகும். அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுப்பார். பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்குப் போய், சுற்றியுள்ள பூச்சாடி, கான், தண்ணீர்த்தாங்கி எல்லாவற்றையும் பார்ப்பார். நல்ல முறை. ஆனால் தபாலில் போகிறது. நுளம்பு முட்டை இட்டு, அது கூத்தாடியாகி, பறக்கும் நுளம்பாக வர ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். படிவம் போய்ச் சேர ஒரு கிழமை எடுத்தால், பரிசோதகர் வாசலில் நிற்கும்போது அடுத்த தலைமுறை நுளம்பு பறக்கத் தொடங்கியிருக்கும். 2017இல் இந்நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டில் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்ததைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். டெங்கு விடயத்தில் வேகம் என்பது வசதி அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. கணினி வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 2008 தொடக்கம் 2010 வரை குருநாகல் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரே நேரத்தில் ஒரு பரீட்சார்த்த முயற்சி நடந்தது. லேர்ன்ஏசியா, சர்வோதயம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை அதில் சேர்ந்திருந்தன. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் அன்றைய சாதாரண பொத்தான் கைத்தொலைபேசியில் நோயாளியின் விபரத்தைத் தட்டி அனுப்புவார்கள். மறுபக்கத்தில் கணினி, வழக்கத்துக்கு மாறாக எங்காவது காய்ச்சல் கூடுகிறதா என்று பார்க்கும். குருநாகலில் ஒரு சிங்களப் பெண்ணும் சிவகங்கையில் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரே சின்னத் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டியதை நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம். பிறகு, 2013 அளவில், நமது கொழும்பிலேயே 'மோ-பஸ்' என்ற முறை வந்தது. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகமும் கொழும்புப் பல்கலைக்கழகமும் மாநகர சபையும் சேர்ந்து செய்தன. பரிசோதகரின் கையில் கருவி. வீட்டு வாசலில் நின்றபடியே படிவத்தை நிரப்பலாம், இடத்தை வரைபடத்தில் குறிக்கலாம்.

இப்படிப்பட்ட முயற்சிகளைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பரீட்சார்த்தத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். வெளிநாட்டுக் காசு இருக்கும்வரை அது ஓடும். காசு முடிந்ததும் கருவி அலுமாரிக்குள் போகும். அதைவிட முக்கியமாக, புதுக் கருவி வந்தாலும் பழைய படிவத்தை யாரும் நிறுத்துவதில்லை. தாதி, மருத்துவிச்சி, பரிசோதகர் எல்லோரும் காகிதத்திலும் எழுதி, கணினியிலும் அடிக்க வேண்டும். வேலையைக் குறைக்க வந்தது வேலையை இரட்டித்தால், மாதம் முடிய முன்பே எல்லோருக்கும் அது வெறுத்துவிடும். இந்த இரட்டை வேலையைச் செய்பவர்களில் மிகப்பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் இந்தச் சபையில் சொல்லத்தான் வேண்டும். கூட்டத்தில் வந்து கணினி மயமாக்கம் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

ஆனால் ஒரு முறை நாம் உண்மையில் உலகத்துக்கு முன்னால் நின்றோம். 2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையில் முதலாவது கொவிட் நோயாளி, சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி, ஐ.டி.எச். வைத்தியசாலையில் உறுதிசெய்யப்பட்டார். அந்த நாட்களிலேயே சுகாதாரத் தகவலியல் படித்த நம் நாட்டு வைத்தியர்கள், நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ்.2 என்ற இலவச மென்பொருளை வைத்து, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து பின்தொடரும் ஒரு முறையைத் தயாரித்துவிட்டார்கள். பின்பு அதே மாதிரி பல நாடுகளுக்குப் போனது. இது தற்செயலாக நடந்ததல்ல. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பிருந்தே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம், வைத்தியர்களுக்குத் தகவலியலில் முதுமாணிப் பட்டம் கொடுத்துவந்தது. ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் குடும்பநலப் பணியகத்தின் தாய் சேய் தகவல்களையும் காசநோய்த் தகவல்களையும் இதே மென்பொருளில் போட்டுப் பழகியிருந்தார்கள். ஆபத்து வந்த அன்று பழகிய கை வேலைசெய்தது.

அதே கொவிட் காலத்தின் மறுபக்கத்தைக் கொட்டாஞ்சேனையில் இருந்தவர்கள் அறிவார்கள். 2020 ஒக்ரோபரில் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணிக்குப் பிறகு கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் என்று கொழும்பு வடக்கு முழுவதும் மூடப்பட்டது. ஒரு தோட்டத்தில் நாற்பது குடும்பம். எல்லோருக்கும் ஒரே வாசல் இலக்கம், அதற்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ஒரு எண்ணும். கணினிக்கு அது ஒரே வீடு. யார் யாருடைய 'நெருங்கிய தொடர்பு' என்பதை அந்த ஒழுங்கையை நடந்து அறிந்த பரிசோதகரும் மிட்வைஃபும்தான் சொல்ல முடிந்தது. அடுத்த ஆண்டில், வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் நோயாளிகளுக்காக 1390 என்ற தொலைபேசி இலக்கமும் 1904க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழியும் வந்தன. வெள்ளவத்தை அடுக்குமாடியில் தனியாக இருந்த பலருக்கு அது உயிர்நாடி. ஆனால் குறுஞ்செய்தியை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில், ஆங்கில எழுத்தில், இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும். மூச்சுத் திணறும் எழுபது வயது அம்மா இடைவெளி விட்டு அனுப்புவாரா?

தொலைபேசி பற்றிப் பேசும்போது 1990ஐச் சொல்லாமல் போக முடியாது. என்னைக் கேட்டால், கடந்த இருபது ஆண்டுகளில் சாதாரண மக்களுக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பம் இந்த 'சுவசெரிய' அம்புலன்ஸ்தான். 2016 ஜூலை 28ஆம் திகதி, இந்திய அரசின் நன்கொடையில், மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. இந்தியாவின் 108 சேவையின் மாதிரி. பிறகு ஏறத்தாழ முந்நூறு வண்டிகளாக நாடு முழுவதும் விரிந்தது. 2018இல் தனிச் சட்டமும் வந்தது. கட்டணம் இல்லை. அதற்கு முன்பு, நெஞ்சுவலி வந்தால் நாம் என்ன செய்தோம்? முச்சக்கரவண்டி பிடித்தோம். தொழில்நுட்பம் என்று பார்த்தால் இதில் ஒரு கட்டுப்பாட்டு அறை, வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடம், மூன்று மொழியிலும் பேசக்கூடிய ஆட்கள், அவ்வளவுதான். நான் வலியுறுத்த விரும்புவது அந்தக் கடைசி விடயத்தை. மறுமுனையில் ஒரு மனிதர் தமிழில் பேசுகிறார். அதனால்தான் அது வேலைசெய்கிறது.

தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு ஆலோசனை: 1990க்கு எடுக்கும்போது வாசல் இலக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பிரதான வீதியில் எந்தக் கோயில், எந்தத் தேவாலயம், எந்தக் கடை என்று சொல்லி, அங்கே ஒரு பிள்ளையை நிற்க விடுங்கள். வரைபடம் வீதிவரை கொண்டுவந்து விடும். ஒழுங்கைக்குள் பிள்ளைதான் கூட்டிவர வேண்டும். இன்னொரு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி 1926. களுத்துறை அலகின் ஆண்டும் அதுவே என்பதால் எனக்கு மறப்பதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களும் எடுக்கலாம், வெட்கமில்லை.

இனிப் பெயருக்கும் இலக்கத்துக்கும் வருகிறேன். இது சிறிய விடயம் போலத் தெரியும். கணினி மயமான வைத்தியசாலையில் தமிழ்ப் பெண்களுக்கு வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பது. பெண்களாக இருந்தால் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டிவிடுவார்கள். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. 2016 முதல் வரும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே முறை. ஆண்டு மட்டும் முழுதாக நான்கு இலக்கத்தில் வரும். அதாவது, யாராவது நம் அட்டை இலக்கத்தைக் கண்டால் நம் வயது தெரிந்துவிடும். இங்கே முன்வரிசையில் வயதைச் சொல்லாத சில அக்காமார் இருக்கிறார்கள். அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இலக்கம் பிறந்த குழந்தைக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுபவரிடம் அட்டை இருக்காது. ஆகவே சுகாதார அமைச்சு, தனிநபர் சுகாதார இலக்கம் என்று பதினொரு இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் கொடுத்து வருகிறது. அதை எந்த நிலையம் வழங்கியது என்பது முதலிலும், வரிசை எண் நடுவிலும், தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு இலக்கம் கடைசியிலும் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரே எண், எந்த அரச வைத்தியசாலைக்குப் போனாலும் அதே எண் என்பதுதான் நோக்கம்.

நோக்கம் நல்லது. நடைமுறையில், நம் பெண் ஒருத்தி பிறக்கும்போது தகப்பனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கிறாள். சில பிறப்புச் சான்றிதழில் அது பின்னால் இருக்கும். கல்யாணமானபின் கணவரின் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது 'க'வுக்கு ஒருவர் 'கே' போடுவார், ஒருவர் 'ஜி' போடுவார். 'ழ'வுக்கு ஒருவர் 'இசட்', ஒருவர் 'எல்', ஒருவர் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவார். 'தி'யில் 'எச்' வருமா வராதா என்பது எழுதுபவரின் மனநிலையைப் பொறுத்தது. சிவயோகதிலகவதி என்ற ஒரு பெயரை ஐந்து லிகிதர்கள் ஐந்து விதமாக எழுதலாம். கணினிக்கு அவர்கள் ஐந்து பெண்கள். முதல் பெண்ணுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று பதிந்திருக்கிறது. ஐந்தாவது பெண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரே உடம்பு. இது நான் பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. ஒரு நோயாளிக்கு மூன்று கோப்புகள் இருப்பதும், எதில் எந்த அறிக்கை இருக்கிறது என்று தாதி தேடுவதும் அன்றாடம் நடப்பது.

எனவே தங்கைமாரே, அடையாள அட்டையில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சுகாதார இலக்கம் தந்திருந்தால் அதையும். புதிதாகப் பதியும்போது, 'எனக்கு ஏற்கெனவே இலக்கம் இருக்கிறது' என்று முதலில் சொல்லுங்கள்.

இலக்கத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி என்ற முறை இருக்கிறது. அந்தப் பதிவெண் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவை என்றாக்கினார்கள். பதிவு கூடியது; கர்ப்பிணிகளைப் பின்தொடர்வது இலகுவானது. ஆனால் உதவிக்காக வந்த இலக்கம் வாசற்கதவாக மாறினால், வெளியே நிற்கப்போவது யார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முகவரியில்லாதவர், அட்டை தொலைந்தவர், யுத்தத்தில் சான்றிதழ் எரிந்தவர், தோட்டப்புறத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வேலைசெய்யும் பெண். இலக்கம் இல்லாவிட்டாலும் மருந்து கிடைக்க வேண்டும். இலங்கையில் இதுவரை அப்படித்தான் இருக்கிறது. அப்படியே இருக்கவேண்டும்.

மொழி. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி ஆனது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு. கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலை வாசலில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை இருக்கிறது. உள்ளே போய் எங்கே வரிசை, எந்த அறை, மருந்தை எப்போது குடிப்பது என்று கேட்கும் இடத்தில் தமிழ் மெலிந்துவிடுகிறது. கணினி வந்ததும் இது தானாகச் சரியாகிவிடும் என்று நான் நம்பியவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு பொத்தானை அழுத்தினால் தமிழ் வரும் என்றார்கள். தமிழ் வந்தது. எப்படிப்பட்ட தமிழ் வந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு காரணம் தொழில்நுட்பமே. குறுஞ்செய்தியை ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்தியில் 160 எழுத்து பிடிக்கும். தமிழிலோ சிங்களத்திலோ அனுப்பினால் 70 மட்டும்தான். அதிலும் 'கொ' என்ற ஓர் எழுத்து இரண்டாகக் கணக்கெடுக்கப்படும். ககரம் ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று. 'கொட்டாஞ்சேனை' என்று எழுதி முடிப்பதற்குள் பன்னிரண்டு இடம் போய்விடும். ஆகவே தமிழில் அனுப்பினால் இரண்டு மூன்று செய்தியின் காசு. கணக்காளர் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பார். இரண்டாவது காரணம், 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய அலுவலகங்கள். அந்தத் தமிழை எடுத்துச் செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டும். யூனிகோட் வந்து எத்தனையோ ஆண்டாகியும் இந்தக் குப்பையை நான் அண்மைவரை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது காரணம்தான் பெரியது. தமிழை யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பி, அவர் சொல்லுக்குச் சொல் மாற்றி அனுப்பியது அப்படியே ஏறிவிடும். 'வெறும் வயிற்றில் வாருங்கள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'உண்ணாநிலையில் சமுகமளிக்கவும்' என்று இருந்தது. நோயாளி என் அறைக்கு வந்து, 'டொக்டர், உண்ணாவிரதம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஏதும் போராட்டமா?' என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் சீனி பார்க்கும் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போய், இன்னொரு நாள் கூலியை இழந்து, மறுபடி விடியற்காலை வரிசையில் நின்றார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. அது பிழையைக்கூட நல்ல தமிழில் சொல்லும். ஆகவே கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

இந்த மண்டபத்தில் தமிழ் படித்தவர்கள், தமிழ் கற்பித்தவர்கள், சட்டம் படித்தவர்கள், கணினி படித்தவர்கள் இருக்கிறீர்கள். வைத்தியசாலைச் செய்தி ஒன்றை வாசித்து, 'இதை என் அம்மாவுக்கு நான் இப்படியா சொல்வேன்?' என்று கேட்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

வெள்ளவத்தைக்கு வருகிறேன். நமக்கு இ-சனலிங் இருபது வருடத்துக்கும் மேலான பழக்கம். தனியார் வைத்தியசாலையில் ஆறாம் இலக்கமா, பதினாறாம் இலக்கமா என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்கிறோம். அதே நேரம் நம் வீட்டில் வேலைக்கு வருபவர், அரச கிளினிக்கில் இலக்கம் எடுக்க விடிய நான்கு மணிக்கு எழும்புகிறார். பாதை முழுவதும் காசுள்ளவருக்கு முதலில் போட்டாயிற்று. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுக்கு முன் கம்பஹா மாவட்டத்துத் தொம்பே வைத்தியசாலையில், நோயாளிக்கு ஓர் அட்டையைக் கொடுத்து, வெளிநோயாளர் பிரிவு முதல் மருந்தகம் வரை கணினியாலேயே நடத்திக் காட்டினார்கள். ஒரு சிறிய அரச வைத்தியசாலையில் முடிந்தது. அது எல்லா இடத்திலும் வரவில்லை என்றால், இயலாது என்பதல்ல காரணம்.

அடுக்குமாடிகளில் தனியாக இருக்கும் நம் பெரியவர்களின் உண்மையான சுகாதாரச் சேவை இன்று வட்ஸ்அப். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில். இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டால், பத்து நிமிடத்தில் நான்கு நாட்டிலிருந்து நான்கு ஆலோசனை வரும். நான்கும் வேறு வேறாக இருக்கும். அதோடு ஒரு சித்தப்பா வெண்டிக்காய்த் தண்ணீர் பற்றி ஒரு வீடியோவும் அனுப்புவார். அன்பு இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் மகளின் ஸ்கான் அறிக்கையை முப்பத்தாறு பேர் பார்க்கிறார்கள்.

மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவேடு ஓர் அலுமாரியில் பூட்டியிருந்தது. அவருக்கு நம் ஒழுங்கையின் எல்லா இரகசியமும் தெரியும். அவர் வாய் திறந்ததில்லை. காசநோய், மனநலம், கருச்சிதைவு, எச்.ஐ.வி. என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கவிழ்க்கக்கூடிய சொற்கள் இப்போது கணினியில் இருக்கின்றன. யார் திறந்து பார்க்கலாம்? திறந்து பார்த்தவரின் பெயர் பதிவாகுமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் நிறைவேறிய பிறகும் அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டது.

திருட்டுப் போவது ஒரு பயம், தொலைந்துபோவது இன்னொன்று. 2023இல் அரச கணினி மேகத்தின் மீது நடந்த தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. ஏறத்தாழ ஐயாயிரம் முகவரிகள். அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. 2021 மே மாதம் அயர்லாந்தின் முழுப் பொதுச் சுகாதார சேவையும் இப்படித் தாக்கப்பட்டு, வைத்தியர்கள் மறுபடியும் பேனையும் காகிதமும் எடுத்தார்கள். அவ்வளவு பணக்கார நாட்டுக்கே அப்படி. நமக்கு ஒரு குரங்கு போதும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். ஆகவே கிளினிக் கொப்பியை யாரும் இப்போதைக்கு எறிந்துவிடாதீர்கள்.

2022ஆம் ஆண்டையும் மறக்கக்கூடாது. மார்ச் முடிவில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. மருந்துக் களஞ்சியங்களின் இருப்பைக் கணினியில் பார்க்கும் வசதி நம்மிடம் இருந்தது. எந்த மருந்து எந்த வைத்தியசாலையில் முடிந்துவிட்டது என்பதை அது விரைவாகக் காட்டும். பூச்சியத்தையும் விரைவாகக் காட்டும். மருந்து வாங்க டொலர் இல்லை என்றால் கணினி என்ன செய்யும்? ஆனாலும், ஓரிடத்தில் முடிந்த மருந்து வேறிடத்தில் இருந்தபோது, அதை எடுத்துக் கொடுக்க அந்தத் தகவல் உதவியது. அதற்காகவாவது அது இருக்க வேண்டும்.

நேரம் முடிந்தது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நமது சங்கத்தின் நூற்றாண்டுத் திட்டங்களில் ஒன்றாக, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மாதம் வெள்ளவத்தையிலும் அடுத்த மாதம் கொட்டாஞ்சேனையிலுமாக, ஒரு 'தொலைபேசி மேசை' வைக்கலாம் என்று செயற்குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவிகள் இருப்பார்கள். பெரியவர்கள் கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் கைத்தொலைபேசியையும் கொண்டுவரலாம். மருந்துகளின் பெயரையும் அளவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, அதைத் தொலைபேசியில் படமாகவும் சேர்த்துக் கொடுப்பார்கள்; 1990, 1926 இரண்டையும் பதிந்து விடுவார்கள்; பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்ப்பார்கள். மருந்தை மாற்றவோ கூட்டிக் குறைக்கவோ மாட்டார்கள். அது வைத்தியரின் வேலை. பார்த்ததை வெளியே சொல்லமாட்டோம் என்று மாணவிகள் முதலில் கையெழுத்து வைப்பார்கள். அத்தோடு, தமிழில் வந்த விளங்காத வைத்தியசாலைச் செய்தி ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். திருத்தி எழுதி, உரிய அலுவலகத்துக்கும் தேவைப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புவோம். முதல் மேசை இன்று தேநீருக்குப் பிறகு நூலகத்துக்கு முன்னால் இருக்கும். கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.